தனியாக வடிவமைப்புத் தொழில் செய்வோர் அன்றாடம் நம்பும் மென்பொருள்கள் எவை?

கும்பகோணத்திலிருந்து ஒரு கேள்வி:
வணக்கம். திருமண அழைப்பிதழ்களையும் குடமுழுக்குப் பத்திரிகைகளையும் வீட்டிலிருந்தே வடிவமைத்துத் தருகிறேன். மாதச் சந்தா கட்டும் அளவுக்கு இன்னும் வருமானமில்லை. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களைக் காரணத்தோடு கூற வேண்டுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து மறுமொழி:
இங்க்ஸ்கேப்பையே முதலில் சொல்வேன். 2003 முதல் வளர்ந்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருளில் வரைந்த கோட்டோவியம் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது என்பதால், அழைப்பிதழுக்கு வரைந்த அதே குத்துவிளக்கை வரவேற்புப் பதாகைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் 'கொ' போன்றவற்றின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றன. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளை வரைகோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய என் பத்திரிகை ஒன்று, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறந்ததிலிருந்து இதை நான் தவறவிட்டதில்லை. மூலக்கோப்பைத் தனியே பாதுகாத்து வையுங்கள், ஏனெனில் விடுபட்ட உறவினர் பெயரைக் கடைசி நேரத்தில் சேர்க்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம்.

மயிலாடுதுறையிலிருந்து மறுமொழி:
ஐயா கூறியது ஒற்றைத் தாளுக்குச் சரி. பல பக்கங்கள் கொண்ட விழா மலருக்கு ஸ்கிரைபஸ் பொருத்தமானது. நான்கு வண்ண அச்சுக்குரிய பிடிஎஃப் கோப்பை அது நேரடியாகவே தருகிறது. பழைய 1.4 வரிசையில் தமிழ் எழுத்துகள் குலையும் என்பதால் 1.6 பதிப்பை நிறுவுங்கள். ஒளிப்படத் திருத்தத்துக்கு எனக்கு கிம்ப் போதும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பல இடங்களில் அதுவே இட்டுவிடுவதால், நீண்ட பெயர்ப் பட்டியலைத் தட்டும்போது விரல்களுக்குப் பெரும் ஆறுதல்.