மார்ட்டின் ஊர்வல விளக்கு: பலூனை எடுத்ததும் அடிப்பக்கம் குழிகிறது

ஜெர்மனி, கொலோன் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளில் விளக்கேந்திப் போகும் ஊர்வலத்துக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலூன் விளக்கு செய்கிறார்கள்: ஊதிய பலூன்மேல் காகிதம் ஒட்டி, காய்ந்ததும் பலூனை எடுத்துவிடுவது. 25 செ.மீ. பலூன், கிழித்த வண்ணக் கண்ணாடிக் காகிதம் 3 அடுக்கு, தூளைத் தண்ணீரில் கரைத்த வால்பேப்பர் பசை (சுவரில் காகிதம் ஒட்டும் பசை). இரண்டு நாள் காய்ந்த பிறகும் பலூனை எடுத்தால் அடிப்பக்கம் உள்ளே குழிகிறது. பசை வழிந்து அங்கேயே தேங்குவதால் தொட்டால் இன்னும் ஈரம்.

5 அடுக்கு ஒட்டினால் வெளிச்சம் மங்குகிறது. பலூனில் எண்ணெய் தடவினால் முதல் அடுக்கே பிடிக்கவில்லை. குத்தாமல் காற்றை மெல்ல இறக்கியும் பலனில்லை. கம்பி மாட்டும் மேல் விளிம்புக்கு அட்டைப்பட்டை ஒட்டியதில் கிழிவது மட்டும் நின்றது. பிள்ளைகள் கையால் ஒட்டிய விளக்கு. கடையில் வாங்கிக் கொடுக்க மனமில்லை.

அடிப்பக்கம் குழியாமல் நிற்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் பசைத்தூள் கலக்கிறீர்கள்?