மறுமொழி: ‘அயன் வாய்க்கால்’ என்பதை ‘அயன்மடை’ என்று மாற்றுவோம்

வணக்கம்.

கலத்தின் சவ்வில் நின்று, சோடியம், பொற்றாசியம் போன்ற அயன்களை (மின்னேற்றமுள்ள அணுக்களை) உள்ளும் வெளியும் விடும் புரதத்தை ஆங்கிலத்தில் ion channel என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் கலைச்சொல் குழுவில் பேசிவருகிறோம். மதுரை ஐயா ‘அயனிக் கால்வாய்’ போதும் என்கிறார். யாழ்ப்பாணத்து மருத்துவர் அக்கா, மாணவர்கள் ‘அயன் வாய்க்கால்’ என்றே எழுதிப் பழகிவிட்டார்கள், இனி மாற்றுவது வீண்வேலை என்கிறார். இருவர்மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகள். வாய்க்கால் என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. சிக்கல் அதனாலேயே வருகிறது.

குளத்து நீரை மறித்து நிற்பது கட்டு. கட்டை ஊடறுத்து, வேண்டியபோது நீரை வெளியே விடுவது துருசு. துருசுக்கு அப்பால் தொடங்கி வயல்வரை நீளமாகக் கிடப்பதுதான் வாய்க்கால். வந்த நீரை அது கொண்டுபோகும். எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் அதற்குப் பங்கில்லை. நரம்புக்கலத்தின் மென்சவ்வில் இருக்கும் இந்தப் புரதத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 4 நனோமீற்றர் தடிப்புள்ள கொழுப்புப் படையைக் குறுக்கே ஊடறுத்து நிற்கிறது. திறக்கிறது, மூடுகிறது. அது செய்வது முழுக்கத் துருசின் வேலை. நாமோ அதற்கு வாய்க்காலின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

இதன் விளைவை விடைத்தாள்களில் காண்கிறேன். ‘வாய்க்கால்’ என்று படித்த பிள்ளை, நரம்பு நாரின் ஒரு முனையில் புகுந்த சோடியம் மறுமுனைவரை ஓடுவதாகப் படம் வரைகிறது. நடப்பது வேறு. சோடியம் அயன்கள் சவ்வைக் குறுக்காகக் கடந்து உள்ளே வருகின்றன. அதனால் அவ்விடத்து மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றம் பக்கத்தில் மூடியிருப்பவற்றைத் திறக்கிறது. திறப்பு இப்படி அடுத்தடுத்துப் பரவுவதே நரம்புத் துடிப்பு. கணவாய் இனத்தின் பெரிய நரம்பு நாரில் இதை அளந்து, 1952-இல் கணக்கோடு எழுதியவர்கள் பிரித்தானிய ஆய்வாளர்களான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நெடுகிலும் ஓடும் ஒன்றுக்குத்தான் ‘வாய்க்கால்’ வேண்டுமென்றால், அந்தச் சொல் நரம்பு நாருக்கே பொருந்தும்.

அப்படியானால் ‘அயன் துருசு’ என்றே வைக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சித்த மருத்துவ வழக்கில் துருசு என்றால் மயில்துத்தம். உயிர் இரசாயனப் பாடத்துக்குள் செப்புச் சல்பேற்றின் பெயரைக் கொண்டுவந்து வைக்க முடியாது.

ஆகவே, துருசின் அதே வேலையைச் சொல்லும் ‘மடை’யை முன்மொழிகிறேன். கண்மாய் மடையை மதுரை ஐயாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘மடை திறந்த வெள்ளம்’ என்பதற்கு ஈழத்திலும் உரை வேண்டாம். வன்னியில் கோயிலில் பரப்பும் படையலையும் மடை என்போம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் ‘சோடியம் மடை’ என்று வாசிக்கும் எவரும் பொங்கல் பானையை நினைக்கப்போவதில்லை. ஒரு சொல் இரண்டு இடங்களில் வாழ்வதைத் தமிழ் எப்போதும் தாங்கியிருக்கிறது.

நல்ல கலைச்சொல் கடினமான செய்தியைச் சொல்லத் துணை நிற்கவேண்டும். அதனால் ஒரு கடினமான செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். சியாற்றிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் கற்றரால், தேள் நஞ்சை அடையாளமாகப் பிணைத்து, சோடியம் மடையின் புரதத்தை 1980-இல் இனங்கண்டவர். அவருடைய குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு டிராவே நோய்த்தொகுதி பற்றியது. பிறந்து ஓராண்டுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, வலிப்புத் தொடங்கும் கொடிய நோய் அது. மூளையின் சோடியம் மடைகளில் ஒரு வகையை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் பழுதே அதன் முதன்மையான காரணம் என்பது 2001-இல் தெரியவந்தது. பழுதால் மடை குறைகிறது. சோடியம் உட்புகுவதும் குறைகிறது. அப்படியென்றால் மூளை அடங்கத்தானே வேண்டும்? வலிப்பு எப்படி வரும்?

எலிகளில் அவர்கள் கண்ட விடை இது. மூளையில் தூண்டும் நரம்புக்கலங்களும் உண்டு, அவற்றை அடக்கும் நரம்புக்கலங்களும் உண்டு. இந்த வகை மடையை மிகுதியாக நம்பியிருப்பவை அடக்கும் கலங்களே. மடை குறைந்தபோது தூண்டும் கலங்களில் பெரிய மாற்றமில்லை. அடக்கும் கலங்கள் தளர்ந்துபோயின. கட்டுப்பாடு போன இடத்தில் வலிப்பு எழுகிறது. சோடியம் மடைகளை அடைத்து வலிப்பைத் தணிக்கும் கார்பமாசெபைன் போன்ற மருந்துகள், ஏராளமான நோயாளருக்கு நன்மை செய்பவை, டிராவே குழந்தைகளில் நிலையை மோசமாக்குவதும் இதனால்தான். ஏற்கெனவே தளர்ந்த மடைகளை மேலும் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

இதைப் படிக்கும் பெற்றோர் எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டிராவே அரிதான நோய். எந்த மருந்து என்பது மருத்துவர் முடிவு.

இப்போது மேலே டிராவே நோயை விளக்கிய இரு பத்திகளிலும் ‘மடை’ நின்ற இடமெல்லாம் ‘வாய்க்கால்’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள். ‘வாய்க்கால் குறைந்தது’ என்றால் என்ன படம் மனத்தில் எழுகிறது? வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பை (சாவியை) கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளையின் தாய்க்கு, மருந்து என்ன செய்கிறது என்று ஒரு தாதி இரண்டு வரியில் சொல்லக்கூடிய சொல் வேண்டும். டிராவே அல்லாத, இம்மருந்து உதவும் வலிப்பென்றால், ‘மூளை நரம்பில் மடை மிதமிஞ்சித் திறக்கிறது, இந்த மாத்திரை அதை அடக்கும்’ என்றால் வயல் செய்யும் குடும்பத்துக்கு விளங்கும்.

கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. கதவு, மடைக்கதவு. அடைக்கும் மருந்து, மடையடைப்பான். இரத்த அழுத்தத்துக்கு எங்கள் ஊரில் பலர் எடுக்கும் அம்லோடிபின் ஒரு கல்சியம் மடையடைப்பான். மடைப் பழுதால் வரும் நோய்களுக்கு மடைநோய். முல்லைத்தீவுக் கடலோரத்தவர் அஞ்சும் பேத்தை மீனின் நஞ்சு சோடியம் மடையின் வெளிவாயை அடைத்து மூச்சுத் தசைகளை நிறுத்துகிறது என்று எழுதும்போது சொல் எங்கும் இடறவில்லை.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். குளத்து மடை எல்லாவற்றையும் விடும். இந்தப் புரதமோ ஆள் பார்த்து விடுகிறது. பொற்றாசியம் மடை செக்கனுக்குப் பத்துக் கோடி அயன்கள் வரை விடக்கூடியது. அத்தனை விரைவிலும், அளவில் சிறிய சோடியத்தை ஏறக்குறைய முற்றாக மறுக்கிறது. பொற்றாசியம் தன்னைச் சூழ்ந்த நீரைக் களைந்துவிட்டு நுழையும்போது, மடையின் குறுகலான பகுதியில் இருக்கும் ஒட்சிசன் அணுக்கள் அந்த நீரின் இடத்தைச் சரியாக நிரப்புகின்றன. சோடியத்தின் ஆரை 0.095 நனோமீற்றர், பொற்றாசியத்தினது 0.133. சோடியத்துக்கு அந்தப் பிடி எட்டாது, எனவே அது நீரை விட்டு வர இணங்காது. அமெரிக்க ஆய்வாளர் ரொடெரிக் மக்கினன் 1998-இல் வெளியிட்ட பொற்றாசியம் மடையின் கட்டமைப்பு இதைக் கண்ணால் காணவைத்தது. இந்த இயல்பை ‘மடை’ சொல்லாது. ‘வாய்க்கால்’, ‘கால்வாய்’ எதுவும் சொல்லாது. அந்தக் குறுகலான பகுதிக்குத் ‘தேர்வுப்புழை’ என்று தனிப்பெயர் வைப்போம்.

சவ்வில் உள்ள இன்னொரு புரதமான பம்பியோடு (pump) குழப்பம் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது. மடையில் நீர் தானாகப் பள்ளத்துக்குப் பாயும். சோடியம் உள்ளே வருவதும் பொற்றாசியம் வெளியே போவதும் அவ்வவற்றின் சரிவில்தான், அதாவது செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு. சரிவுக்கு எதிராக, சக்தியைச் செலவழித்து, ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுப்பது பம்பி. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இன்னும் சொல் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. சோடியம் மடைக்கு மூன்று நிலைகள். மூடியிருக்கும்போது தூண்டினால் திறக்கும். திறந்து ஒரு மில்லிசெக்கன் அளவில், கதவு திறந்தபடியே இருக்க, உட்புறத்திலிருந்து புரதத்தின் ஒரு துண்டு வந்து வழியை மறித்துவிடும். அந்த மூன்றாம் நிலையில் எவ்வளவு தூண்டினாலும் பயனில்லை. மின்னழுத்தம் பழையபடி இறங்கவேண்டும். கார்பமாசெபைன் இறுகப் பற்றுவது அந்த நிலையைத்தான். ‘செயலிழந்த மடை’ என்றால் பழுதான மடை என்று பொருள்படும். ‘அடைபட்ட மடை’ என்றால் மருந்தின் அடைப்போடு கலந்துவிடும். ‘மறித்த மடை’ சரிவருமா? மருத்துவர் அக்காவும் மதுரை ஐயாவும் இதற்கு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.