கலைச்சொல் வேணும்: கராஜ் கதவுல தொங்கற செவப்புக் கயிறு

நூல்காரி (திருப்பூர்):
எல்லாருக்கும் வணக்கமுங்க. மோட்டார் வெச்ச கராஜ் கதவுக்குக் கோளாறு பாக்கற கையேடு ஒண்ணு தமிழ்ல பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கெழம குடுக்கோணும். அமெரிக்காச் சரக்கு, கோயமுத்தூர்ல ஒருத்தர் தருவிச்சு பங்களா வீடுகளுக்கு மாட்டித் தர்றாருங்க. 'கதவு தெறக்கலைன்னா' அப்படிங்கற பக்கத்துல நின்னுட்டேன். மேல கூரையை ஒட்டி ஒரு தண்டவாளம், அதுல ஓடற ஒரு சின்ன வண்டி, மோட்டாரு செயினால அந்த வண்டிய இழுக்குது, வண்டி கதவ இழுக்குது. கரண்ட் போயிட்டா வண்டியில தொங்கற செவப்புக் கயித்த இழுத்துட்டு கதவக் கையிலயே தூக்கிக்கலாம். இந்த எமர்ஜென்சி ரிலீஸுக்கு என்ன போடறதுங்க? முன்னாடி ஆரோ பண்ணுன வரைவுல 'அவசர விடுப்பு'ன்னு இருக்குது.

சிட்கோ ஃபிட்டர்:
அம்மிணி, அவசர விடுப்புங்கறது வூட்ல காச்சல்னு சொல்லி மொதலாளிகிட்ட வாங்கறதுங்க, அதக் கதவுக்கெல்லாம் தர மாட்டாங்க. பட்டறைல நாங்க ரிலீஸ் கயிறும்போம். சட்டர் மாட்டற பசங்க அத்தன பேத்துக்கும் அதேன் தெரியும். அதையே போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்க.

கொல்லிமலையான்:
அன்புடையீர், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் அது தமிழாகிவிடாது. என் முன்மொழிவு 'தொடுப்பறுவான்'. தொடுப்பை அறுப்பது, ஆதலால் தொடுப்பறுவான். 'மின்தடையின்போது தொடுப்பறுவானை இழுக்க' என்று எழுதிப் பாருங்கள், எத்தனை செறிவு.

பொள்ளாச்சி டீச்சர்:
செறிவெல்லாம் சரிங்க, ஊருக்குள்ள தொடுப்புன்னா என்ன அர்த்தம்னு ஒருக்கா வெளிய வந்து கேட்டுப் பாருங்க. கையேடு வூட்டு ஹால்ல கெடக்கும், பெரியவங்க எடுத்துப் படிப்பாங்க. எங்க வகுப்புல ஸ்பிரிங்குக்கு சுருள்வில்னு பாடப்புத்தகத்துல இருக்குது, பசங்க பரிச்சைல எழுதறாங்க, கேட்டத் தாண்டுனா ஸ்பிரிங்குங்கறாங்க, ரெண்டும் சண்டையில்லாம இருக்குது. ஆனா இது பரிச்சை இல்லீங்களே, கதவுக்கு அந்தப் பக்கம் கார் மாட்டிட்டு நிக்கறவன் படிக்கறது.

பவானி ஐயா:
சித்த பொறுங்க அம்மிணி. ரிலீஸுக்குத் தமிழ் தேடறதுக்கு முன்னாடி அங்க என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு பாக்கோணும். மோட்டாரையும் கதவையும் பூட்டி வெச்சிருக்காங்க. பூட்டுன்னா இப்பத்த ஆளுகளுக்கு சாவி போடறது மட்டுந்தான் நெனப்பு வருது. வண்டி பூட்டறது, ஏர் பூட்டறது, நொகத்தடியில மாட்டப் புடிக்கற பூட்டாங்கயிறு, இதெல்லாம் நம்ம தோட்டங்காட்டுல பொழங்குனதுதானுங்க? பொழுது சாஞ்சா மாட்ட அவுத்து உடுவோம், மாடு தனி வண்டி தனி. இங்க மோட்டாருதான் மாடு. அதனால 'அவிழ்கயிறு'.

பூட்டுன்னதும் இன்னொண்ணு. நன்னூல்ல பாட்டுச் சொல்லுகளச் சேத்துப் பொருள் எடுக்கற மொற, பொருள்கோள்னு எட்டு சொல்லிருக்குது, அதுல விற்பூட்டுன்னு வருமே, வில்லோட ரெண்டு முனையையும் நாண் பூட்டறாப்ல பாட்டோட மொதச் சொல்லும் கடேசிச் சொல்லும் சேந்து பொருள் குடுக்கறது. அதுக்கு வாத்தியாருக காலங்காலமாச் சொல்ற எடுத்துக்காட்டு 'திறந்திடுமின்'னு ஆரம்பிச்சு 'கதவு'ன்னு முடியும். அங்கயும் கோளாறு இதேதான், பொண்ணு உறையூர்ச் சோழனப் பாத்துருவான்னு கதவச் சாத்தி வெச்சிருக்காங்க. வில், பூட்டு, கதவு மூணும் அங்கயே இருக்குது பாருங்க, டீச்சர் சொன்ன சுருள்வில்லயும் வில்லுதான் இருக்குது. நன்னூல் எழுதுன சமண முனிவர் பவணந்தியாரே நம்ம பெருந்துறைக்குப் பக்கத்துல சீனாபுரத்துக்காரர்னு சொல்லுவாங்க.

கொல்லிமலையான்:
ஐயா பெரியவர், மறுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நன்னூற் பாயிரம் ஊரின் பெயரைச் சனகை என்றுதான் சொல்கிறது. அது சீனாபுரம்தான் என்பது நம் வட்டார விருப்பம், மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அது கிடக்கட்டும். 'அவிழ்கயிறு' வினைத்தொகை. அவிழ்ந்த கயிறு, அவிழ்கின்ற கயிறு, அவிழும் கயிறு. இங்கே கயிறு அவிழ்வதே இல்லையே, அது பாட்டுக்குத் தொங்குகிறது. அவிழ்க்க உதவுவது என்ற பொருள் வேண்டுமானால் 'அவிழ்ப்புக் கயிறு' என்றாக வேண்டும். தன்வினையையும் பிறவினையையும் கலக்கக்கூடாது.

பொள்ளாச்சி டீச்சர்:
குடிநீர்ல நீரா குடிக்குது? சுடுகாட்டுல காடா சுடுது?

கொல்லிமலையான்:
குடி, சுடு இரண்டும் செயப்படுபொருள் குன்றா வினைகள், 'எதை' என்று கேட்க இடம் தருபவை. அவிழ் அப்படியல்ல. அவிழ்ந்தது வேறு, அவிழ்த்தது வேறு. எடுத்துக்காட்டு பொருந்தவில்லை.

டல்லஸ் மாப்ளை:
எல்லாருக்கும் வணக்கம், சொந்த ஊரு கோபிங்க. இலக்கணத்துல தலையிடல, ஆனா பத்து வருசத்துக்கு மேல இந்தக் கதவோட குடும்பம் நடத்தறேன், அதனால சொல்றேன். பேரு என்ன வேணா வெய்ங்க, 'அவசர'ங்கறத மட்டும் எடுத்துருங்க. அவசரம்னு எழுதுனா பதறிப்போயி எப்ப வேணா இழுத்துருவாங்க. ரெண்டு கார் போற இரும்புக் கதவு 60 கிலோவுக்கு மேல இருக்கும், அத மோட்டார் தூக்கறதா எல்லாரும் நெனைக்கறோம், நெசத்துல தூக்கறது வாசலுக்கு மேல உருளையில முறுக்கி வெச்சிருக்கற ஸ்பிரிங். மோட்டார் சும்மா தள்ளி உடறதுதான். ஸ்பிரிங் வழக்கமா 10,000 தடவ தெறந்து மூடற அளவுக்குத்தான் செய்யறாங்க, நாளுக்கு நாலு தடவன்னா ஏழு வருசம் வராது. அது ஒடையறப்ப வெடி வெச்சாப்ல சத்தம் கேக்கும், சுருள்ல ஒரு எடைவெளி தெரியும். அப்ப கதவு தெறந்த நெலையில இருந்து செவப்புக் கயித்த இழுத்தீங்கன்னா மொத்தக் கதவும் தலைக்கு மேல எறங்கும். கதவு கீழ மூடி இருக்கறப்பத்தான் இழுக்கோணும். இத உங்க சொல்லுல எப்புடியாச்சும் கொண்டாங்க.

இன்னொண்ணு, அந்தக் 'கதவு தெறக்கலைன்னா' பக்கத்துல சென்சாரையும் சேத்திருக்காங்களா அக்கா? தரையில இருந்து 15 செ.மீ. உசரத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கண்ணாட்ட இருக்குமே, அமெரிக்காவுல 1993 தொடங்கி கட்டாயம். குறுக்க ஏதாச்சும் இருந்தா அது கதவ மூட உடாது, தெறக்கறதத் தடுக்காது. இருந்தா 'மூடலைன்னா' பக்கத்துக்கு மாத்திருங்க.

நூல்காரி:
இருக்குதுங் தம்பி, மாத்திடறேன். ஆனா ஒரு சொல்லுக்குள்ள இவ்வளவையும் திணிக்க முடியாதுங்களே, எச்சரிக்கைய அடுத்த வரியில தனியாப் போடறேன்.

சிட்கோ ஃபிட்டர்:
மாப்ளை சொன்னது நெம்பச் சரி. நம்மூரு சட்டர்லயும் ஸ்பிரிங்கு மேல குழாயில ஏத்தி வெச்சிருப்போம், அது போச்சுன்னா ரெண்டாளு சேந்தாலும் தூக்க முடியாது. அம்மிணி, கையேட்டுல வரிசையையும் சரி பண்ணுங்க. கதவு தெறக்கலைன்னு போன் வந்தா நான் மொதல்ல மோட்டார் சத்தம் கேக்குதான்னுதான் கேப்பேன். சத்தமே இல்லைன்னா பிளக்கு, ஃபியூஸ், ரிமோட் பேட்டரி, அப்புறம் செவுத்து சுவிட்சுல லாக் பட்டன அமுத்தி வெச்சிருக்காங்களான்னு பாக்கோணும், ஊருக்குப் போறப்ப அமுத்திட்டு மறந்துருவாங்க. மோட்டார் ஓடி வண்டியும் நகந்து கதவு மட்டும் அப்புடியே நிக்குதுன்னா ஆரோ கொழந்தப் புள்ள கயித்த இழுத்து உட்டுருக்குது, மறுக்கா மாட்டுனாச் சரியாப் போச்சு. மோட்டார் மொனகிட்டு கொஞ்சம் தூக்கி நின்னுட்டா ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்க வூட்டுக்காரங்க தொடவே கூடாதுங்க, முறுக்கு தெறிச்சா கையி போயிரும். எழுத்துல என்ன போட்டாலும் நான் ரிலீஸ் கயிறுதானுங்க சொல்லுவேன்.

கொல்லிமலையான்:
பட்டறை வழக்கு அளவுகோலானால் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி எதற்கு? அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரனும் இதே மண்ணினர்தாம்.

பொள்ளாச்சி டீச்சர்:
தூரன் புரியற தமிழ்லதானுங்க எழுதுனாரு, அவரக் கொண்டாந்து தொடுப்பறுவானுக்குக் காவல் நிறுத்தாதீங்க. என்ற ஓட்டு அவிழ்கயிறு.

டல்லஸ் மாப்ளை:
எனக்கும் அதே. மாட்ட அவுக்கறதுன்னா எங்கப்புச்சிக்குக் கூடப் புரியும்.

சிட்கோ ஃபிட்டர்:
சரி போடுங்க, எனக்கு வேல கெடக்குது.

நூல்காரி:
நாளைக்குக் குடுக்கோணும்ங்கறதால முடிச்சுட்டேனுங்க. பட்டியல்ல 'அவிழ்கயிறு', மொதத் தடவ வர்ற எடத்துல மட்டும் பக்கத்துல ரிலீஸ் கயிறுன்னும் போட்டிருக்கேன். வரி இப்படி வருது: 'மோட்டார் ஓடியும் கதவு நகரவில்லை என்றால், சிவப்பு அவிழ்கயிற்றை யாராவது இழுத்துவிட்டார்களா என்று பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது இதை இழுக்காதீர்கள், கதவு விழக்கூடும்.' ஸ்பிரிங்குக்கு சுருள்வில் போடல, கொல்லிமலையண்ணன் கோவிச்சுக்கக் கூடாது.

கொல்லிமலையான்:
கோபமில்லை. 'அவிழ்ப்புக் கயிறு' என்பதே சரி என்ற என் கருத்தைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பு வருமானால் நினைவூட்டுங்கள்.

பவானி ஐயா:
சீனாபுரம் சங்கதிய அப்புடியே உட்டுற முடியாதுங்க. விஜயமங்கலம் சமணக் கோயில்ல இருந்து ஆரம்பிச்சு நாளைக்கு விவரமா எழுதறேன்.