பாலடின் ஒருத்தரே சண்டையை முடிச்சிடறார், மங்க் வேடிக்கை பார்க்கிறார்: எப்படிச் சரி பண்றது?

பகடைமூட்டை:
டி அண்ட் டி (பகடை உருட்டிக் கதை மாதிரி ஆடற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தற ஆள். நாலு பேர் பார்ட்டி, எல்லாரும் லெவல் 5. ஸ்கோர் எல்லாம் 4டி6 (நாலு ஆறு முகப் பகடை) உருட்டி, சின்னதைக் கழிச்சு எடுத்தது. பாலடினுக்கு (தெய்வ சக்தியுள்ள வீரர்) ஸ்ட்ரெங்த் 20, புதையல்ல +2 கிரேட்ஸ்வோர்ட் (அட்டாக்குக்கும் டேமேஜுக்கும் 2 கூட்டற பெரிய வாள்) வேற. மங்குக்கு (துறவி வீரர்) டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16, விஸ்டம் 14, கையில சாதா குவார்ட்டர்ஸ்டாஃப் (தடி). லாங் ரெஸ்டுக்கு (செலவான சக்தி திரும்பற நீண்ட ஓய்வு) நடுவுல ஒரு சண்டைதான் வரும். பாஸ் மூணு ரவுண்டு தாங்கறதில்லை. எதிரிகளோட ஏசியை (அடி படணும்னா எட்ட வேண்டிய எண்) 15லேர்ந்து 19க்கு ஏத்திப் பார்த்தேன், மங்க் ஆடறவர் இன்னும் சுணங்கிட்டார். பாலடினோட பலத்தை வெட்டணுமா?

ஏழாம்கட்டம்:
வெட்ட வேண்டாம். முதல்ல அந்த ஏசியை இறக்குங்க, மங்குக்கு வினையே அதுதான். கிரிட்டையும் (டேமேஜ் பகடை இரட்டிக்கற அடி) ஃபைட்டிங் ஸ்டைலையும் (சண்டைப் பயிற்சிச் சலுகை) விட்டுட்டுக் கணக்குப் போடுங்க. பாலடினுக்கு அட்டாக் +10 (20 முகப் பகடையோட கூட்டறது), ஒரு வெட்டுக்கு சராசரி 14. ஏசி 15க்கு 80% படும், ரவுண்டுக்கு 22.4. ஏசி 19னா 60%, 16.8. கால்வாசிதான் குறையுது. மங்குக்கு +6. ஸ்டாஃபால ரெண்டு, வெறுங்கையால ஒண்ணுன்னு அடிச்சா 12.9 வந்தது, ஏசி 19ல 8.6 ஆயிடும். மூணுல ஒரு பங்கு போச்சு. வலுத்தவரை அடக்கப் போட்ட வேலி இளைச்சவரைத்தான் அதிகமா மறிக்குது.

இதுல கிளாஸ் (பாலடின், மங்க்ங்கற வகை) மேல தப்பே இல்லை. ரெண்டு பேருக்கும் முக்கிய ஸ்கோர் 18, சாதா ஆயுதம்னு வைச்சுப் பாருங்க. ஏசி 15க்கு பாலடின் 14.3, மங்க் 15.9. ஸ்மைட்டை (ஸ்பெல் ஸ்லாட் செலவழிச்சு பாலடின் சேர்க்கற கூடுதல் டேமேஜ்) எடுத்துட்டா மங்க்தான் முன்னால! இடைவெளி பகடையிலயும் வாளிலயும் இருக்கு. அதனால உருட்டின செட் எல்லாத்தையும் மேசையில வைச்சு, யார் வேணும்னாலும் எந்த செட்டையும் எடுத்துக்கலாம்னு சொல்லிடுங்க. மங்கோட டெக்ஸ் 18 ஆகி, ஒரு +2 ஸ்டாஃபும் கிடைச்சா 20.6க்கு வந்துடுவார். விஸ்டம் 16 ஆனா ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (எதிரியைத் திகைக்க வைக்கற அடி) டிசியும் (தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 13லேர்ந்து 14. அந்த +2 வெறுங்கை அடிக்குச் சேராது, கணக்குல கலந்துடாதீங்க.

நடுநிசிடிஎம்:
கணக்கு சரி, ஆனா ஸ்மைட்டை ஒதுக்கிட்டுப் பேச முடியாது. லெவல் 5 பாலடினுக்கு முதல் நிலை ஸ்லாட் (மந்திரம் போடற வாய்ப்பு) 4, ரெண்டாம் நிலை 2. எல்லாத்தையும் ஸ்மைட்டா போட்டா சராசரி 63 டேமேஜ். ஒரு நாளைக்கு ஒரே சண்டைன்னா அவர் ஏன் மிச்சம் வைக்கணும்? மொத்தத்தையும் பாஸ் தலையில கொட்டிடுவார். மங்குக்கு கீ (அவரோட திறமைகளுக்குச் செலவழிக்கற புள்ளி) 5தான், ஆனா ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் (குறுகிய ஓய்வு) திரும்பி வரும். ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் குடுத்தா ஒரு நாளைக்கு 15.

அதனால லாங் ரெஸ்டுக்கு நடுவுல நாலு சண்டையாவது வைங்க. செஷன் முடிஞ்சா லாங் ரெஸ்டும் வரணும்னு எந்த விதியும் இல்லை, ஒரே நாளை மூணு செஷனுக்கு இழுக்கலாம். கதை அதுக்கு இடம் கொடுக்கலேன்னா டிஎம் கைடுல இருக்கற கிரிட்டி ரியலிசம்ங்கற விருப்ப விதி: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். அதுல ஒரு சிக்கல், மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) மாதிரி 8 மணி நேர ஸ்பெல்லுக்கு மதிப்பு போயிடும். விசார்ட் (மந்திரவாதி) இருந்தா முன்னாடியே பேசிக்கோங்க.

வரைபடப்பைத்தியம்:
களத்தையும் மாத்துங்க. திறந்த வெளியில கிட்டக்கிட்ட நின்னு அடிச்சா கிரேட்ஸ்வோர்ட்தான் ராஜா. சடங்கு நடத்தறவனை 70 அடி தள்ளி மேடையில வைங்க, பக்கத்துல ரெண்டு வில்லாளி. மங்கோட ஸ்பீட் 40. ஒரு கீ செலவழிச்சு ஸ்டெப் ஆஃப் தி விண்ட் போட்டா 80 அடி போயிடுவார், ஆக்‌ஷனும் கையில மிச்சம் இருக்கும். வழியில வர்ற அம்பு டேமேஜை டிஃப்ளெக்ட் மிஸைல்ஸ் 1டி10 (ஒரு பத்து முகப் பகடை) + 8 குறைச்சிடும். பாலடின் 30 அடிதான். வெஞ்சன்ஸ் ஓத்தா (பாலடின் எடுக்கற சபத வகை) இருந்து மிஸ்டி ஸ்டெப் (30 அடி தாவற ஸ்பெல்) போட்டாலும் 60, அதுவும் ஒரு ரெண்டாம் நிலை ஸ்லாட்டைத் தின்னுடும். இதை மூணு சண்டைக்கு ஒரு தடவை வைங்க. எப்பவும் வைச்சா அப்புறம் பாலடின் மூஞ்சியைத் தூக்கிக்குவார்.

பகடைமூட்டை:
ஏசியை இன்னிக்கே இறக்கிடறேன். ஸ்மைட்டை டர்னுக்கு ஒண்ணுன்னு கட்டுப்படுத்தினா? +2 ஸ்டாஃபைப் பாரபட்சம்னு சொல்லாம எப்படிக் கொடுக்கறது?

ஏழாம்கட்டம்:
2024 விதிகள்ல டிவைன் ஸ்மைட் போனஸ் ஆக்‌ஷன்ல போடற ஸ்பெல், அது டர்னுக்கு ஒண்ணே கிடைக்கறதால ஸ்மைட்டும் டர்னுக்கு ஒண்ணுதான். ஆனா ஓடிட்டிருக்கற கேம்பெயின்ல அவர்கிட்ட கேக்காம கொண்டு வராதீங்க, ஸ்கோரும் ரெஸ்டும் சரியானா தேவையும் படாது. ஸ்டாஃபைப் புதையல் குவியல்ல போட்டுடாதீங்க. பார்ட்டியில டிரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தா ஷிலேலா (தடியை வலுவாக்கற ஸ்பெல்) போட்டுக்கறேன்னு அவர் முதல் ஆளா கை நீட்டுவார். மங்கோட மடத்து ஆசான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும்.