இத்தாலியின் பொலோனியாவில் ஒரு செமஸ்டர்: அந்த எட்டு நாள் எங்கிருந்து தொடங்குது?

பாலாற்றங்கரை:
பக்கத்துத் திரியில ஒருத்தர் அள்ளி விட்டிருக்கார்: "எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டர் பொலோனியா போறவங்களுக்கு டி விசா (நீண்ட நாள் தங்கற விசா) போதும், பெர்மெஸ்ஸோ எல்லாம் முழு டிகிரி படிக்கறவங்களுக்குத்தான்." கீழே நன்றி நன்றின்னு ஒரே வரிசை. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. 90 நாளுக்கு மேல இத்தாலியில தங்கினாலே பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, எடுத்தே ஆகணும். செப்டம்பர்ல வகுப்பு, ஜனவரி பிப்ரவரியில தேர்வு. இது எந்தக் கணக்குல 90 நாளுக்குள்ள அடங்கும்? இறங்கி எட்டு நாளுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல விண்ணப்பம் கொடுக்கணும். தயவுசெஞ்சு அந்தப் பதிவை நம்பாதீங்க.

மணிமுத்தாறு:
திருத்த வந்தவரும் பாதிதான் சொல்கிறார். எட்டு நாள் அல்ல, எட்டு வேலை நாள். 1998-ஆம் ஆண்டின் 286-ஆம் எண் சட்ட ஆணை, 5-ஆம் பிரிவு. இத்தாலிய நாட்டு எல்லைக்குள் நுழைந்ததிலிருந்து கணக்கு.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். 'ஸ்போர்தெல்லோ அமீகோ' பலகை உள்ள தபால் நிலையத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறை இலவசமாகக் கிடைக்கும். மாணவர் நிரப்ப வேண்டியது அதிலுள்ள மோதுலோ 1 என்ற படிவம், கறுப்பு மையில். பாஸ்போர்ட் நகல், விசா பக்க நகல், பல்கலைக்கழகக் கடிதம், காப்பீடு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று. 16 யூரோ வருவாய் முத்திரை ஒன்று, அது புகையிலைக் கடையில் கிடைக்கும். மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரையிலான அனுமதிக்கு 70.46 யூரோ, தபால் கட்டணம் 30. ஆக 116.46. உறையை ஒட்டாமல் திறந்தபடியே கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு போய் நின்றால் பிரிக்கச் சொல்வார்கள். ரசீதோடு க்வெஸ்தூராவுக்கு, அதாவது காவல்துறைத் தலைமை அலுவலகத்துக்கு, போகவேண்டிய தேதியும் தருவார்கள். அன்று அசல் ஆவணங்கள், 4 புகைப்படம், கைரேகை.

கீழவீதி:
எல்லாம் சரி, ஆனா "இத்தாலிக்குள் நுழைந்ததிலிருந்து"ன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் ஆபத்து. நம்ம ஊர்லேர்ந்து போறவங்க முக்கால்வாசிப் பேர் ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ்னு மாறித்தான் போறாங்க. பாஸ்போர்ட்ல முத்திரை விழறது அங்க. பொலோனியா விமான நிலையத்துல ஒருத்தரும் முத்திரை குத்த மாட்டாங்க. அதனால எட்டு நாள் முத்திரைத் தேதியிலேர்ந்துதான். அதிகாரி கண்ணுக்குத் தெரியறது முத்திரை மட்டும்தான்.

மணிமுத்தாறு:
அதிகாரியின் கண் சட்டம் ஆகாது. சட்டம் சொல்வது இத்தாலிய எல்லை. ஒருவர் பாரிஸில் இறங்கி உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வருகிறார் என்றால், இத்தாலியில் கால் வைக்கும் முன்பே அவருடைய கெடு முடிந்துவிட்டதா? பதில் சொல்லுங்கள். மோதுலோ 1-லேயே நுழைந்த தேதியைக் கேட்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பொலோனியா வந்த போர்டிங் பாஸை வைத்திருந்தால் அதுவே சான்று.

கீழவீதி:
போர்டிங் பாஸை எத்தனை பேர் பத்திரமா வைக்கறாங்க? போன்ல வர்றது, ஒரு வாரத்துல மறைஞ்சே போயிடுது. ரயில்லயோ பஸ்ஸுலயோ வந்தா அதுவும் கிடையாது. முத்திரைத் தேதியிலேர்ந்து எண்ணுங்க. அதுதான் பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு.

நொய்யல்:
வியாழன் ஃபிராங்க்ஃபர்ட், ஞாயிறு பொலோனியான்னு வச்சுக்கங்க. சனி ஞாயிறை விட்டு எண்ணினா முத்திரைக் கணக்குல எட்டாம் நாள் அடுத்தடுத்த வாரச் செவ்வாய், மணிமுத்தாறு கணக்குல புதன். ஒரு நாளுக்காகவா இவ்வளவு சண்டை? அக்டோபர்ல போறவங்க இன்னொண்ணையும் பாத்துக்கங்க. 4-ஆம் தேதி சான் பெத்ரோனியோ திருநாள், பொலோனியாவுல விடுமுறை.

மணிமுத்தாறு:
ஒரு நாளோ ஒரு மணியோ, தப்பு தப்புதான். கெடுவுக்குள் கேட்காவிட்டால் வெளியேற்ற ஆணை போடவே அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது விளையாட்டல்ல.

கீழவீதி:
அதையேதான் நானும் சொல்றேன்! வெளியேத்த இடம் இருக்குன்னா முந்தின தேதியை எடுத்துக்கறவன் புத்திசாலியா, பிந்தின தேதியை எடுத்துக்கறவன் புத்திசாலியா?

மாடவிளக்கு:
அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். காப்பீட்டுக்கு இத்தாலி அரசு மருத்துவத் திட்டத்துலயே சேரலாமா? செப்டம்பர்ல போறேன்.

பாலாற்றங்கரை:
சேரலாம் தம்பி, ஆனா ஒரு செமஸ்டருக்குக் கட்டுப்படியாகாது. மாணவர் கட்டணம் முன்னாடி 149.77 யூரோவா இருந்தது, 2024-லேர்ந்து 700. அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரைங்கற கணக்கு. பாதி வருஷத்துக்குப் பாதிக் கட்டணம்னு கிடையாது. செப்டம்பர்ல சேந்தா டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது, பிப்ரவரி வரைக்கும் வேணும்னா இன்னொரு 700. தங்கற காலம் முழுக்க செல்லுபடியாகற தனியார் காப்பீடு பாருங்க. அப்புறம் கோதிச்சே ஃபிஸ்காலே, அந்த 16 எழுத்து வரி எண், அதை முதல்ல வாங்கிடுங்க. இலவசம்தான். அது இல்லாம வாடகை ஒப்பந்தம் நகராது.

நொய்யல்:
வீட்டுக்காரர் நம்மளைத் தங்க வச்சிருக்கறதா 48 மணி நேரத்துக்குள்ள காவல்துறைக்கு எழுதிக் கொடுக்கணும். அதோட நகலைக் கேட்டு வாங்கிக்கங்க. தரமாட்டேன்னு இழுக்கற வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீங்க. நகர மையத்துல அறை கிடைக்கறதே பெரும்பாடு, அந்த அவசரத்துலதான் ஏமாறுறாங்க. பேசாம பாதுவா பல்கலைக்கழகத்துக்குப் போங்கன்னு போன வருஷமே இங்க சொன்னேன், யாரும் கேக்கல.

மணிமுத்தாறு:
பாதுவா புராணம் மறுபடியும் தொடங்கிவிட்டதா? 1222-இல் பொலோனியாவிலிருந்து பிரிந்து போன ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கியது பாதுவா. தாய் இருக்கும்போது பிள்ளையிடம் ஏன் போக வேண்டும்? பொலோனியா தொடங்கிய ஆண்டு 1088.

நொய்யல்:
அந்த 1088-ஐக் குறிச்சதே 19-ஆம் நூற்றாண்டுல கவிஞர் கார்துச்சி தலைமையில கூடின ஒரு குழு. 1888-ல எட்டு நூற்றாண்டு விழா கொண்டாட ஒரு வருஷம் தேவைப்பட்டுது. கலிலியோ 18 வருஷம் பாடம் சொன்ன ஊர் பாதுவா. பெருமை பேசணும்னா அங்கயும் நிறைய இருக்கு.

மணிமுத்தாறு:
குழு ஆண்டைத்தான் குறித்தது, பல்கலைக்கழகத்தை அல்ல. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா முழுவதிலிருந்தும் சட்டம் படிக்க அங்கே கூடினார்கள். நீங்கள் போன வருடம் சொன்னதும் இப்படி அரைகுறையாகத்தான் இருந்தது.

மாடவிளக்கு:
தேர்வு பத்தியும் சொல்லுங்களேன். டிசம்பர்ல வகுப்பு முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிடலாமா?

கீழவீதி:
திரும்பினா மதிப்பெண் இல்லாமத்தான் திரும்பணும் தம்பி. வகுப்பு முடிஞ்சு ஜனவரி பிப்ரவரியிலதான் தேர்வுத் தேதிகள் வரும். பல்கலைக்கழகத்தோட அல்மாஎசாமிங்கற தளத்துல பட்டியல் மூடறதுக்குள்ள பேர் பதிஞ்சாத்தான் உட்கார முடியும். பேராசிரியர் முகம் தெரிஞ்சவர்னாலும் பட்டியல்ல பேர் இல்லைன்னா இல்லைதான். பல பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு. 30-க்கு 18 எடுத்தா தேர்ச்சி. திரும்பற டிக்கெட்டை பிப்ரவரி கடைசிக்குப் போடுங்க. கிளம்பற முன்னாடியே உங்க கல்லூரியில 30-ஐ எப்படி மாத்துவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க. 24-ஐ அப்படியே 80 சதவீதம்னு போடற இடமும் இருக்கு, 18-லேர்ந்து 30-க்குள்ள அது எங்க நிக்குதுன்னு பாக்கற இடமும் இருக்கு. ரெண்டுக்கும் கிரேடு மாறும். ஆனா இதெல்லாம் அப்புறம். முத்திரைத் தேதியிலேர்ந்து எட்டு நாள், அதை மறந்துடாதீங்க.

மணிமுத்தாறு:
நல்ல தகவலுக்கு நடுவில் மறுபடியும் அந்தத் தப்பை நுழைக்கிறீர்கள். முத்திரைத் தேதி அல்ல, இத்தாலிக்குள் நுழைந்த தேதி. என் பாரிஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாலாற்றங்கரை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் திரி ஆரம்பிச்சது பெர்மெஸ்ஸோவே வேண்டாம்னு சொன்னவருக்காக. அவர் பதிவு இன்னும் அப்படியே நிக்குது, ஆளைக் காணோம்.

கீழவீதி:
பாரிஸ்ல ரெண்டு வாரம் சுத்தறவன் போர்டிங் பாஸை லேமினேட் பண்ணி வச்சுக்கட்டும். மத்த எல்லாருக்கும் முத்திரைத் தேதி.

மணிமுத்தாறு:
"மற்ற எல்லாருக்கும்" என்று சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது? எண்ணைச் சொல்லுங்கள்.

நொய்யல்:
சனிக்கிழமை வேலை நாளா இல்லையான்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல. தபால் நிலையம் சனிக்கிழமை காலையில திறந்துதான் இருக்கும்.

மணிமுத்தாறு:
அதற்கும் வருகிறேன். முதலில் கீழவீதி பிரிவு எண்ணைச் சொல்லட்டும்.