புதுப்பிப்பு: தீக்காயம் ஆறிய பிறகும் தீராத அசதி, எலும்பு வலி

காயங்கள் மூடிய பின்னும் அப்பா நாற்காலியின் கைப்பிடிகளை இரு கைகளாலும் ஊன்றித்தான் எழுகிறார், முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் முகம் சுளிக்கிறார் என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலர் இரத்தசோகையைச் சந்தேகித்தீர்கள். வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொன்னவர் ஒருவர்தான், அவர் சொன்னதே சரியாக இருந்தது. தழும்பேறிய தோல் வெயில் பட்டாலும் அந்த வைட்டமினைப் போதிய அளவு உருவாக்குவதில்லை என்பதோடு, புதுத்தோல் கருக்காமலிருக்க வெயிலையே தவிர்க்கும்படி எங்களுக்குச் சொல்லியிருந்ததால், இரு வழியும் அடைபட்டிருந்தன. சோதனையில் அளவு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். 20-க்குக் கீழே என்றாலே குறைபாடு. மருத்துவர் எட்டு வாரங்களுக்கு வாரம் ஒரு மாத்திரையும், தினமும் கால்சியமும் கொடுத்தார். இப்போது அளவு 31, கையூன்றாமல் எழுகிறார்.

எதிர்பாராதது ஒன்று: இரத்தத்தில் தாமிரமும் குறைந்திருந்தது. காயம் ஆறுவதற்காகத் தொடங்கிய துத்தநாக மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். துத்தநாகம் நெடுநாள் மிகுந்தால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். அதை மருத்துவர் நிறுத்திவிட்டார், அடுத்த மாதம் தாமிர அளவை மீண்டும் பார்க்கிறோம்.