மற்றவர் வெற்றியைப் பாராட்டப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

கேள்வி (சதுரங்கப் பயிற்றுநர்):
மாலை வேளைகளில் பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கம் கற்பிக்கிறேன். ஒரு மாணவி மாவட்டப் போட்டியில் வென்று வந்த அன்று, எதிராளி தவறு செய்ததால்தான் வென்றாள் என்று பெற்றோர் சிலர் பேசியதைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டனர். இதை எப்படி மாற்றுவது?

பதில் 1 (முன்னாள் நடுவர்):
ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து நகர்வுகளை அலசும் வழக்கம் சதுரங்கத்தில் ஏற்கெனவே உண்டு. அதில் தோற்றவரே முதலில் பேச வேண்டும், எதிராளியின் எந்த நகர்வைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். தவறுகளைப் பிறகு பார்க்கலாம். குறையே சொல்லக் கூடாது என்றால் ஆட்டம் வளராது.

பதில் 2 (ஒரு மாணவரின் தந்தை):
2023 சதுரங்க உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரக்ஞானந்தாவிடம் தோற்ற இன்னோர் இந்திய வீரர் அர்ஜுன் எரிகைசி, மறு ஆண்டே புடாபெஸ்டில் அவருடன் ஒரே அணியில் ஆடி ஒலிம்பியாட் தங்கம் வென்றார். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். எங்களைப் போன்ற பெற்றோருக்குப் புரியுமா என்பது வேறு கதை.

கேட்டவர்:
நன்றி ஐயா. நாளை அந்த மாணவியின் ஆட்டத்தையே பெரிய பலகையில் வைத்து, அவளையே விளக்கச் சொல்லி, பெற்றோரையும் எதிரே அமர்த்தப் போகிறேன்.